நாயோடு மலைக்கு: கொடையா, கோத்தகிரியா, ஏற்காடா, இல்லை வீட்டிலேயே விட்டுவிடலாமா?

அலமாரி மேலிருந்து பயணப் பையை இறக்கினால் போதும், மிளகு போய் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வாள். அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது. ஆறு வயது நாட்டு நாய். 18 கிலோ. உடம்பு முழுக்கக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. மதுரையில் மாடி வீட்டில் வளர்கிறாள். காலையில் ஒரு மணி நேரம் நடந்தால்தான் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மலையில் நடக்கப் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் சில வருடங்களாக அவளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். கொடைக்கானலுக்கு இரண்டு முறை, கோத்தகிரிக்கு ஒரு முறை, ஏற்காட்டுக்கு இரண்டு முறை போயாயிற்று. வால்பாறைக்கு அவள் இல்லாமல் போனோம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த மலை என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நாயோடு போகிறீர்கள் என்றால் காட்டுக்குள் மலையேற்றம் கிடையாது. தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் எதற்குள்ளும் வளர்ப்பு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது. 2018இல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, நம் மாநிலத்தில் காட்டுப் பாதைகளுக்கு அனுமதி இல்லாமல் யாருமே போகக் கூடாது என்று விதிகள் இறுகிவிட்டன. நாயோடு போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை வெறும் கெடுபிடி என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் இந்த வைரஸ் இருந்தது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் போனதும் இதனால்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் செந்நாய், நாய்க்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரு பாதையோரம் மிளகு மூத்திரம் பெய்துவிட்டு வந்தால், அடுத்து அந்த வாசனையை மோந்து பார்ப்பது ஒரு செந்நாயாக இருக்கலாம். தடுப்பூசி போட்டிருந்தாலும் அந்த இடம் அவளுக்கு உரியதல்ல.

ஆகவே மீதி இருப்பது தனியார் எஸ்டேட் பாதைகளும் ஊர்ப் பாதைகளும் வயல் வரப்புகளும் வண்டி குறைந்த சாலைகளும்தான். மலையின் உயரத்தையும் காட்சியையும் விட்டுவிட்டு, இப்படி நடக்கக்கூடிய இடம் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் கணக்கே மாறிவிடுகிறது.

எங்களுக்குப் பக்கம் கொடைக்கானல்தான். மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். சுமார் 7,000 அடி உயரம் என்பதால் மே மாதத்திலும் நாய்க்கு மூச்சு வாங்காது. வாகன இ-பாஸ் மட்டும் மறக்காமல் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. அப்போது கொடைக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. எனவே பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் கிளம்புகிற பழக்கம் இனி உதவாது.

முதல் முறை எல்லோரையும் போல வட்டக்கானலில் தங்கினோம். டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதை மரவேர்களும் கல்லுமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஊர் நாய்கள் அதிகம். பயணிகள் கூடவே நடந்து பழகியவை. மனிதர்களிடம் தங்கம், வெளியூர் நாயைக் கண்டால் மட்டும் சுபாவம் மாறிவிடும். குறுகலான பாதையில் முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று சூழ்ந்தபோது மிளகு வாலைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு என் முழங்காலில் ஒட்டி நின்றாள். ஒரு பக்கம் பள்ளம். கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்துவிட்டோம். மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் முறை புத்தி வந்தது. வில்பட்டி, பூம்பாறைப் பக்கம் போய் அடுக்கு வயல்களுக்கு நடுவே ஊர்ப் பாதையில் நடந்தோம். பூண்டு, கேரட், உருளை என்று படிப்படியாக இறங்கும் நிலம். வரப்பில் நடக்கலாமா என்று வயலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. நாய் மட்டும் பாத்திக்குள் இறங்கக் கூடாது. அந்த நடை இரண்டு பேருக்குமே நன்றாக இருந்தது. ஆனால் அது ஒரு காலைக்குத்தான் வரும். அதற்கு மேல் நடக்க வேண்டுமென்றால் சுற்றிலும் சரணாலயம். 2013இல் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பேரிஜம் ஏரி, பைன் காடுகளைத் தாண்டிய பகுதி எல்லாம் நாய்க்கு இல்லை. ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் சாலையில் விடிகாலையில் நடக்கலாம். ஏழரை மணிக்கு மேல் குதிரையும் சைக்கிளும் வந்துவிடும். இருட்டினால் ஊருக்குள்ளேயே காட்டெருமை நடமாடும் என்பதால், ராத்திரி கடைசியாக ஒருமுறை வெளியே கூட்டிப்போகும் வழக்கமான நடையும் அங்கே ஆபத்துதான்.

கோத்தகிரி வேறு மாதிரி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சிறு சாலைகள் ஏராளம், ஊட்டி அளவு நெரிசல் இல்லை, டிசம்பரில் ஊட்டியில் விழும் உறைபனிக் குளிரும் அவ்வளவு கிடையாது. நடப்பதற்கு மட்டும் மதிப்பெண் போட்டால் கோத்தகிரிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். என்னைத் தயங்க வைப்பது விலங்குகள். காட்டெருமை, கரடி, சிறுத்தை மூன்றும் தோட்டத்துக்குள்ளேயே நடமாடுகின்றன. நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் மாலை ஐந்தரைக்கு மேல் வாசலைத் தாண்டவே விடவில்லை. அவருடைய இரண்டு நாய்களில் ஒன்றைப் போன வருடம் திண்ணையிலிருந்தே சிறுத்தை தூக்கிப்போனதாம். சொல்லும்போது அந்தத் திண்ணையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சிறுத்தைக்கு நாய் தற்செயலாகக் கிடைக்கும் இரை அல்ல, வழக்கமான சாப்பாடு. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் உணவை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் மொத்த எடையில் 39 விழுக்காடு நாய்களாகவே இருந்தது. நாய் உள்ள மலைக் கிராமத்துக்குச் சிறுத்தை வருவது பல சமயம் நாய்க்காகத்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பொழுது சாய்ந்ததும் நாயோடு கதவுக்கு உள்ளே இருப்பதை எந்த மலையிலும் மீறுவதில்லை.

வால்பாறை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை மேடு, அதைச் சுற்றி ஆனைமலை புலிகள் காப்பகம். 40 கொண்டை ஊசி வளைவும் பெரும்பாலும் காட்டு வழியாக ஏறுகிறது. தோட்டங்களுக்குள் யானைக் கூட்டம் வந்துபோகும். குழந்தைகளையே சிறுத்தை தாக்கிய இடம். இதெல்லாம் போகட்டும் என்றாலும், மழைக்காலம் தொடங்கி பல மாதங்களுக்கு அட்டை. மனிதன் காலுறை போட்டுக்கொள்ளலாம், நாய்க்கு விரல் இடுக்கு, காது மடல், உதட்டோரம் என்று ஒளிய ஆயிரம் இடம். வால்பாறை அருமையான ஊர். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கொல்லிமலையில் 70 வளைவு. வாகனத்தில் வாந்தி எடுக்கிற நாய்க்கு அது தண்டனை. ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படி, நாயின் முன்னங்கால் மூட்டுக்கு இறக்கம்தான் அதிக வேதனை. ஏலகிரி 14 வளைவோடு முடிந்துவிடும், உயரமும் குறைவு. முதல் முறையாக நாயை வெளியூர் கூட்டிப்போய்ப் பழக்க ஒரு நாள் இரண்டு நாளுக்கு நல்லது, கோடையில் மட்டும் வேண்டாம்.

அடுத்து ஏற்காடு. நாங்கள் திரும்பத் திரும்பப் போவது அங்கேதான்.

மதுரையிலிருந்து சேலம் வரை நாற்கரச் சாலை, அதற்குப் பிறகு 20 வளைவு. மொத்தம் ஐந்து ஐந்தரை மணி நேரம். கொடையைவிடத் தூரம், உயரமும் குறைவு, சுமார் 5,000 அடிதான். மலை முகடுகளின் பிரம்மாண்டத்தில் கொடைக்கும் நீலகிரிக்கும் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காப்பித் தோட்டம். பெரும்பாலும் தனியார் நிலம். பல தோட்டங்களில் இரண்டு மூன்று அறைகளைத் தங்க விடுகிறார்கள். அப்படி ஒரு இடத்தில் தங்கினால் வேலிக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டர் மண் பாதை கிடைக்கும். வண்டி கிடையாது, ஊர் நாய்த் தொல்லையும் குறைவு. சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, தரையெல்லாம் சருகு. நண்பகலிலும் நிழல். பாதத்துக்கு இதமான மண். யானை இல்லாத மலை என்பது கூடுதல் நிம்மதி.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று அர்த்தமில்லை. போன முறை இரண்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். பனி இன்னும் விலகவில்லை. தோட்டத்துக் காவலர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று மிளகு நின்றாள். குரைக்கவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, காது இரண்டும் முன்னே சாய்ந்து, கழுத்திலிருந்து வால் வரை முதுகு மயிர் ஒரு கோடாகச் சிலிர்த்து நின்றது. நாற்பதடி தள்ளி, காப்பிச் செடிகளுக்கு மேலே, ஈரப் பாறை மாதிரி ஒரு கறுப்பு முதுகு. காட்டெருமை. அப்புறம்தான் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரியான கால்கள் தெரிந்தன. காவலர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, கயித்த விட்டுடாதீங்க. விட்டா அது போய்க் குரைக்கும், அவன் தொரத்துவான், அது உங்ககிட்டதான் ஓடி வரும்."

நாயோடு மலையில் நடப்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பாடம் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நாயின் மூக்கு நமக்கு முன்பே எச்சரிக்கும். அவிழ்த்துவிட்ட நாயோ ஆபத்தை நேராக நம்மிடமே கொண்டுவந்து சேர்க்கும். கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு வந்த வழியே பின்வாங்கினோம். அன்றைக்கு லூப் சாலையில் ஒரு பகுதியை நடந்தோம். 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை அது, வார நாட்களில் காலை ஒன்பது வரை வண்டிகள் மிகக் குறைவு. நாகலூர்ப் பக்கம் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, டீக்கடை வாசலில் அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தோம்.

கயிறு பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இழுத்தால் நீளும் வகைக் கயிறு மலைக்கு ஆகாது. செடியில் சிக்கும், அவசரத்துக்குச் சுருங்காது. இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறும் நெஞ்சுப் பட்டையும் போதும். எந்த மலையிலும் தோட்டத்து வேலியோரம் நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்குக் காட்டெருமை மட்டும் காரணமில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் இன்னும் ஒழியவில்லை. மாடுகளின் வாயைக் கிழித்திருக்கிறது, யானைகளையே கொன்றிருக்கிறது. தரையில் கிடப்பதை எடுத்துத் தின்னும் நாய்க்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏற்காட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வளைவுகளிலும் ஏரிக்கரையிலும் குரங்குகள். ஜன்னலை இறக்கினால் உள்ளே நாய், வெளியே குரங்கு என்று ரகளைதான். சேர்வராயன் கோயிலுக்குப் போனால் ஒருவர் நாயோடு வெளியே நிற்க, மற்றவர் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். நவம்பருக்குப் பிறகு பழம் பறிக்கும் காலத்தில் காப்பிப் பழம் தரையில் உதிர்ந்து கிடக்கும். காஃபீன் நாய்க்கு விஷம். அந்தப் பழம் கொஞ்சம் இனிக்கும் என்பதால் சில நாய்கள் விரும்பித் தின்னும், கவனம் வேண்டும். கொடையிலும் ஊட்டியிலும் இதே கவலை சாக்லேட்டால் வரும். வாங்கிய பொட்டலத்தை நாய் இருக்கும் இருக்கையில் வைக்காதீர்கள்.

எப்படிப் போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சொந்த வண்டிதான். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கொண்ட கூபேயையோ நான்கு படுக்கை கொண்ட அறையையோ முழுதாக எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். சென்னைக்காரர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோடு வரை அப்படி வரலாம். ஆனால் கூபே ஒதுக்கப்பட்டதா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. இரவு முழுக்க இரும்புச் சத்தத்தில் தனியாக அடைத்துக் கொண்டுபோய் இறக்கிய நாயை மறுநாள் உற்சாகமாக நடக்கச் சொல்ல முடியாது. நான் அதைச் செய்ய மாட்டேன்.

வண்டியில் வளைவு தொடங்குவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். கொட்டாவி மேல் கொட்டாவி விட்டு, எச்சில் ஒழுகி, உதட்டை நக்க ஆரம்பித்தால் வாந்தி வரப்போகிறது என்று அர்த்தம். நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவிட்டாலே பலதும் சரியாகிவிடும். அடங்காத நாய்க்கு மருத்துவரிடம் முன்கூட்டியே மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடிவாரத்தில் சாப்பிட இறங்கும்போது ஒருவர் நாயோடு வெளியே இருக்க வேண்டும். வெளியே 24 டிகிரிதான் இருக்கிறது என்றாலும் மூடிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 40ஐ நெருங்கிவிடும். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிதாக உதவாது.

தங்குமிடத்தில் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஊர் பெயர் வேண்டாம். போனில் 'நாய் கூட்டிட்டு வரலாம் மேடம்' என்றார்கள். போய் இறங்கிய பிறகு, ராத்திரி கார் ஷெட்டில் கட்டிப் போடுங்கள் என்றார்கள். மூன்று பக்கமும் திறந்த ஷெட், பின்னால் சரிவு, அதற்கப்பால் புதர்க்காடு. கொடுத்த முன்பணத்தை விட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வேறு அறை தேடினோம். அதிலிருந்து நான் கேட்பது ஒரே கேள்வி: "ராத்திரி நாய் எங்க அறைக்குள்ள, கதவு சாத்தி, எங்களோட படுக்கலாமா?" இதற்கு நேராக 'ஆமாம்' வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். அந்த 'ஆமாம்' வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டு, நம் நாய்க்கு இது தேவையா என்று தோன்றினால் அந்தக் கேள்வியும் நியாயமானது. பக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்கள், தடுப்பூசி முழுதாக முடியாத குட்டிகள், இடுப்பு வலியோடு எழும் வயதானவை, பட்டாசுக்கும் புது ஆட்களுக்கும் நடுங்குபவை, இவற்றை வீட்டில் விடுவதுதான் அன்பு. அப்படி விடும்போது காப்பகமா, வீட்டிலேயே யாராவது வந்து இருப்பதா என்றால், நான் இரண்டாவதையே சொல்வேன். நாய்க்கு நாம் இல்லாததே ஒரு கஷ்டம், அதோடு இடமும் வாசனையும் மாறினால் இரண்டு கஷ்டம். வால்பாறைக்குப் போன நாலு நாளும் என் சித்தி வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மிளகு முதல் நாள் மட்டும் சாப்பிடவில்லையாம். மறுநாள் சித்தி சீரியல் பார்க்கும்போது அவர் காலடியில் படுத்துக்கொண்டாளாம். காப்பகம்தான் வழி என்றால், பயணத்துக்கு முன்பே ஒரு இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். திரும்பி வரும்போது குரல் கம்மியிருந்தால் இரவெல்லாம் குரைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

உடன் வருகிறாள் என்றால் மருத்துவரிடம் ஒருமுறை போவது கட்டாயம். ரேபிஸ், டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஊசிகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா, உண்ணி மருந்து கொடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். மலையில் உண்ணியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் உண்ணிக் காய்ச்சல்தான் முதல் சந்தேகம். ஓடைத் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் ஒரு பக்கம், தண்ணீரில் இருக்கும் சின்ன அட்டை மூக்குக்குள் ஏறிவிடுவது இன்னொரு பக்கம். ஒரே மூக்குத் துளையில் ரத்தம் கசிந்து, தும்மிக்கொண்டே இருந்தால் உடனே காட்ட வேண்டும். மற்ற அட்டைகளுக்கு உப்புத் தண்ணீர் போதும். மூக்குப்பொடி, புகையிலை தடவச் சொல்வார்கள், நாய் நக்கினால் நிகோடின் உள்ளே போகும், வேண்டாம்.

இந்த ஜனவரிக்கும் ஏற்காடுதான் முடிவாகியிருக்கிறது. கோத்தகிரியின் தேயிலைச் சரிவு மனதில் நிற்கத்தான் செய்கிறது, ஆனால் அங்கே நடந்த மூன்று நாளும் நான் புதர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் காவலரோடு போனால் அவ்வப்போது மிளகையும் பார்க்க முடிகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு எவர்சில்வர் கிண்ணம், உப்புப் பொட்டலம், அவள் படுத்துப் பழகிய பழைய போர்வை என்று அவளுக்கென்று தனிப் பை தயார். அறை விஷயத்தில் 'ஆமாம், உள்ளேயே படுக்கலாம்' என்று நேற்று வாட்ஸ்அப்பில் பதில் வந்துவிட்டது.